வேரா நிக்கலாயெவ்னாவுக்குப் பத்துப் பூ

படகு கரை சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான், இரண்டு நாளாக உருப்போட்டுவைத்த வரவேற்புரை மொத்தமும் மறந்துபோய்விட்டது என்பது மெங் லியாங்குக்குத் தெரிந்தது.

"வணக்கம், மதிப்பிற்குரிய வேரா நிக்கலாயெவ்னா" என்ற முதல் வரி மட்டும் தங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஒரு கையில் அந்தப் பெயரை ருஷ்ய எழுத்தில் எழுதிய அட்டை, இன்னொரு கையில் பத்து ரோஜாப் பூக்கள். அக்கரையில் ருஷ்யா தெரியும் சீன ஊரான ஹெய்ஹேயின் துறைமுக வாசலில் ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளந்தது.

எல்லாம் தாவ் வாத்தியார் செய்த வேலை. ருஷ்ய மொழித் துறைக்கு அவர்தான் தலைவர். முந்தாநாள் அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டார்.

"வாய்மொழித் தேர்வுல ரெண்டு தடவை கோட்டை விட்டிருக்க. மூணாவது தடவையும் போச்சுன்னா பட்டம் கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"முதல் தடவை உன் பேர் என்னன்னு கேட்டாங்க. நீ என்ன பதில் சொன்ன?"

"நன்றின்னு சொன்னேன் சார்."

"ரெண்டாவது தடவை?"

"ஒண்ணும் சொல்லலை சார். அழுதுட்டேன்."

வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார். "உனக்கு எழுத்து நல்லா வருது. பரீட்சைன்னு சொன்னாத்தான் நாக்கு ஒட்டிக்குது. அதனால ஒண்ணு பண்றேன். அக்கரையிலேர்ந்து புதுசா ஒரு பேராசிரியர் வராங்க. வேரா நிக்கலாயெவ்னா. நானே போன்ல பேசினதோட சரி, நேர்ல பார்த்ததில்ல. நீ போய்க் கூட்டிட்டு வந்து, நாள் முழுக்க ஊரைச் சுத்திக் காட்டு. நாலு மணிக்கு என் ரூமுக்கு வாங்க. உனக்கு என்ன மார்க்குன்னு அவங்க சொல்லட்டும். ஆனா ஒரு வார்த்தை சீனம் பேசக் கூடாது."

"அவங்க குடும்பப் பேர் என்ன சார்?"

"ருஷ்யாக்காரங்களை மரியாதையா கூப்பிடணும்னா அவங்க பேரும் அப்பா பேரும் போதும். குடும்பப் பேரைச் சொல்லிக் கூப்பிட போலீஸ் ஸ்டேஷனா இது? நாலு வருஷமா என்னத்தடா படிச்ச?"

என்னத்தைப் படித்தான் என்பது அவன் அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் அவன் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே, துறைமுகத் தெருவிலிருந்த தன் கொழுக்கட்டைக் கடையில் "இங்கே ருஷ்ய மொழி பேசப்படும்" என்று பெரிதாக ஒரு பலகை மாட்டிவிட்டாள். அதை நம்பி உள்ளே வந்த ருஷ்யர்கள் எல்லாரும் விரலால் சுட்டிக் காட்டித்தான் சாப்பிட்டுப் போனார்கள். பட்டம் கிடைக்காவிட்டால் அந்தப் பலகையின் கீழேயே உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க மாவு பிசைய வேண்டும்.

படகு வந்தது. மூட்டை மூட்டையாகச் சரக்கோடு வியாபாரிகள் இறங்கினார்கள். முதல் ஆளாக ஒரு குள்ளமான அம்மாள், கறுப்பு முடி, வட்ட முகம், இரண்டு கையிலும் கட்டம் போட்ட பெரிய பைகள், நேரே மெங்கிடம் வந்து அட்டையைப் படித்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் ஒதுங்குங்கக்கா. நான் கூட்டிட்டுப் போக வந்தவங்களை மறைக்கிறீங்க" என்றான் மெங்.

ஏனென்றால் அவளுக்குப் பின்னால், வாசல் தூணருகே, அவன் எதிர்பார்த்து வந்தவர் நின்றிருந்தார். ஆறடி உயரம். மஞ்சள் முடி. நீலக் கண். ஒரு ஊருக்கே போதுமான மூக்கு. அட்டையைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மெங் ஓடினான். முதல் வரியைச் சொன்னான். பேராசிரியர் பதிலுக்குச் சிரித்தார்.

"தா" என்றார். ஆமாம் என்று அர்த்தம். கொஞ்சம் யோசித்து, "ஹரஷோ" என்றார். நல்லது என்று அர்த்தம்.

எவ்வளவு எளிமையான ருஷ்ய மொழி என்று மெங்குக்கு உடம்பே புல்லரித்தது. பூக்களை நீட்டினான்.

"தம்பி, எத்தனை பூ அது?" என்று முதுகுக்குப் பின்னால் சீனத்தில் ஒரு குரல். கட்டப் பை அக்காள்தான்.

"பத்து. பத்துன்னா எல்லாம் நிறைவா இருக்கும்னு வாங்கினேன்" என்று தலையைத் திருப்பிக் கிசுகிசுத்தான்.

"இங்க நிறைவுதான். அக்கரையில ரெட்டைப்படையில பூ குடுத்தா அது பொணத்துக்கு."

மெங் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்தான். ஒரு பூவை உருவினான். மீதி ஒன்பதைப் பேராசிரியர் கையில் திணித்தான். உருவின பூவை என்ன செய்வதென்று தெரியாமல் அக்காளிடமே கொடுத்தான்.

"ஹரஷோ" என்றார் பேராசிரியர்.

ஒற்றைப் பூவைப் பையின் காதில் செருகிக்கொண்டு அக்காளும் கூடவே நடந்தாள். மெங்குக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. பேராசிரியரை நாலடி முன்னால் நடக்கவிட்டு, இவன் பின்தங்கினான்.

"அக்கா, நீங்க அக்கரையா?"

"அங்கதான் இருக்கேன்."

"சீனம் பிச்சு உதறுறீங்க?"

"முப்பது வருஷப் பழக்கம் தம்பி."

ருஷ்யாவில் குடியேறிய கொரிய வம்சத்துக்காரி, எல்லை வியாபாரம் செய்கிறவள் என்று மெங் முடிவு கட்டினான். அப்படி நிறையப் பேர் அந்த ஊரில் வந்து போவார்கள். "பையில என்ன சரக்கு?"

"காகிதம்."

"துடைச்சுப் போடுற காகிதமா?"

"நிறையப் பேர் அதுக்கும்தான் பயன்படுத்துறாங்க."

மெங் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். இரண்டு தடவை தோற்றது, அழுதது, பலகை, மாவு. கடைசியில் கெஞ்சினான். "பின்னாடியே வந்து எனக்கு வார்த்தை வராதப்ப மெதுவா எடுத்துக் குடுங்கக்கா. எங்க அம்மா கடையில வயிறு நிறையக் கொழுக்கட்டை. இந்தப் பேராசிரியர்கள் எல்லாம் ஒரே ரகம்க்கா. தப்புக் கண்டுபிடிக்கன்னே பொறந்தவங்க."

"அப்படியா?" என்றாள் அக்காள். முன்னால் போகிறவரின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, எனக்கும் நாலு மணி வரைக்கும் வேலை இல்ல. வரேன்."

ஆற்றங்கரை நடைபாதைக்குப் போனார்கள். "இது எங்கள் ஆறு" என்று ஆரம்பித்தான் மெங். அதற்குத் துணை தேவைப்படவில்லை. "அகலம்" என்பதற்குத் தேவைப்பட்டது. "எல்லை" என்பதற்கும் தேவைப்பட்டது. அக்காள் தொண்டையைச் செருமுவதுபோல ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக் கொடுத்தாள். பேராசிரியர் எதையும் திருத்தவில்லை. குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. "தா" என்றார், "ஹரஷோ" என்றார், நடந்துகொண்டே இருந்தார்.

மெங்குக்குத் துணிச்சல் வந்துவிட்டது. வந்தது தப்பாகப் போயிற்று.

சாயங்காலம் இந்தக் கரையில் உட்கார்ந்து எழுதுவது தனக்குப் பிடிக்கும் என்று சொல்ல நினைத்தான். ருஷ்ய மொழியில் "பிஸாத்" என்பதைப் பின்னால் அழுத்திச் சொன்னால் எழுதுவது. முன்னால் அழுத்தினால் ஒண்ணுக்குப் போவது. மெங் முன்னால்தான் அழுத்தினான்.

"சாயங்காலம் இந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒண்ணுக்குப் போவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று தெளிவாகச் சொன்னான். "என் வகுப்புத் தோழர்களும் வருவார்கள். எல்லாரும் சேர்ந்து போவோம். பிறகு ஒருவர் போனதை ஒருவருக்குக் காட்டுவோம்."

பின்னால் அக்காளுக்குப் புரை ஏறிவிட்டது. பைகளைக் கீழே போட்டுவிட்டு நடைபாதைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"ஹரஷோ" என்றார் பேராசிரியர்.

"என்னக்கா ஆச்சு?"

அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். மெங்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆற்றில் குதிக்கலாமா என்றுகூட யோசித்தான். ஆனால் பேராசிரியர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. இவ்வளவு பெரிய வார்த்தையைக் கேட்டும் கண்டுகொள்ளாமல் விடுகிறார் என்றால் எப்பேர்ப்பட்ட மனசு அவருக்கு.

அந்த நினைப்பில் நாக்கு இன்னும் இளகிவிட்டது. பாலத்தைப் பற்றிச் சொன்னான், பனிக்காலத்தில் ஆறு உறைவதைச் சொன்னான், சின்ன வயதில் பனியில் வழுக்கிப் பல் உடைந்ததை நடித்தே காட்டினான். அரை மணி நேரமாகத் தன் காதருகே யாரும் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை என்பதை அவன் கவனிக்கவே இல்லை. அக்காள் சும்மா கேட்டுக்கொண்டு வந்தாள்.

பேராசிரியருக்குப் பசி என்பது அவர் ஒரு பன் கடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் தெரிந்தது. அம்மா கடைக்குக் கூட்டிப் போனான். அதைவிடப் பட்டினி போட்டிருக்கலாம்.

"வந்துட்டாளா உன் பேராசிரியை?" அம்மா மாவுக் கையோடு வாசலுக்கே வந்தாள். "யப்பா, என்னா மூக்குடா இது. மழை பேஞ்சா வாய் நனையாது போல."

சீனம் பேசக் கூடாது என்ற கட்டளை. மெங் கண்ணால் ஜாடை காட்டினான்.

"ஏன்டா கண்ணை உருட்டுற? அவளுக்கு என்ன புரியவா போகுது? இது யாரு கூட, பையும் கையுமா?"

மெங் அம்மாவின் காதருகே குனிந்து, "வியாபாரிம்மா, எனக்கு உதவிக்கு" என்றான்.

பன்றி இறைச்சிக் கொழுக்கட்டை ஒரு தட்டு வந்தது. போயிற்று. இரண்டாவது தட்டும் அப்படியே. மூன்றாவது தட்டைக் கொண்டுவந்து வைத்த அம்மா இடுப்பில் கை வைத்து நின்று எண்ணத் தொடங்கிவிட்டாள்.

"முப்பத்தாறு. அக்கரையில பேராசிரியருக்கெல்லாம் சோறே போடறதில்லையா?"

பேராசிரியரின் காதுமடல் சிவந்தது. வினிகர் காரணமாக இருக்கும் என்று மெங் நினைத்தான்.

"ஆள் வாட்டசாட்டமாத்தான் இருக்கா" என்று அம்மா தொடர்ந்தாள். "வயசுதான் கூட. அம்பத்தஞ்சு இருக்குமா?"

பேராசிரியர் சாப்பிடும் குச்சிகளை மேசையில் அறைந்தார்.

"முப்பத்தெட்டு" என்றார். சீனத்தில். அதுவும் வண்டல் மண் வாடை அடிக்கிற பட்டிக்காட்டுச் சீனத்தில். "மூக்கைச் சொன்ன, பொறுத்துக்கிட்டேன். திங்கிறதை எண்ணுன, அதையும் பொறுத்துக்கிட்டேன். அம்பத்தஞ்சுன்னா என்னாத்தா அர்த்தம்? எனக்கு முப்பத்தெட்டுதான் ஆவுது."

முதலில் வாயைத் திறந்தது அம்மாதான். "இது சுன்கே பேச்சில்ல? எங்க அக்காவைக் கட்டிக்குடுத்த ஊராச்சே. நீ எந்தத் தெரு?"

"மேலத்தெரு. யூமேய் எம் பேரு."

"நீங்க வேரா நிக்கலாயெவ்னா இல்லையா?" மெங்கின் குரல் கீச்சென்று வந்தது.

"அது யாரு அது? எங்க பாட்டனைப் பெத்தவ ருஷ்யாக்காரி. இந்த மூஞ்சிதான் மிச்சம், பாஷை ஒரு எழுத்துத் தெரியாது." யூமேய் மூச்சு வாங்கினாள். "இங்க ஒரு ஓட்டல்ல வேலைன்னாக. வர்றவுக ருஷ்யாக்காரி பரிமாறுறான்னு நெனைக்கணுமாம். தா, ஹரஷோ, இந்த ரெண்டைத் தவிர வாயைத் தொறந்தா வேலை இல்லைன்னு மொதலாளி சொல்லிப்புட்டாரு. தொறமொகத்து வாசல்ல ஒரு பையன் அட்டை வெச்சுக்கிட்டு நிப்பான், அவன் கூட வான்னாரு. நீ என்னடான்னா புரியாத பாஷையில மூணு மணி நேரமாப் பேசுற. மொதலாளிதான் என்னைச் சோதிக்க ஆள் விட்டிருக்காருன்னு பயந்து பயந்து தலையாட்டிக்கிட்டு வாரேன். வவுறு வேற பசிக்குது."

மெங் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். அப்படியானால் நிஜப் பேராசிரியர்? அட்டையைத் தேடித் தேடித் துறைமுகத்திலேயே நின்றிருப்பார். இந்நேரம் கோபித்துக்கொண்டு அடுத்த படகில் திரும்பிப் போயிருப்பார். பட்டம் போயிற்று. பலகை மட்டும் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி" என்றாள் அக்காள், கொழுக்கட்டையை வினிகரில் தோய்த்துக்கொண்டே. "வாத்தியார்கிட்ட உண்மையைச் சொல்லிடு. ஒண்ணும் ஆயிடாது."

"ஆயிடாதா? பேராசிரியரைத் தொலைச்சவன்னு எனக்குப் பேர் ஆயிடும்க்கா."

கடை தொலைபேசி அடித்தது. தாவ் வாத்தியார்.

"என்னப்பா, பேராசிரியர் வந்து சேர்ந்தாங்களா?"

உண்மையைச் சொல்ல மெங் மூச்சை இழுத்தான். அம்மா பலகையைப் பெருமையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டாங்க சார்" என்றது அவன் வாய். "கொழுக்கட்டை சாப்பிட்டுட்டு இருக்காங்க."

"பிரமாதம். நாலு மணிக்கு வந்துடு. மார்க் பட்டியல் இன்னைக்கே மேல போகணும்."

தொலைபேசியை வைத்தான். திரும்பி யூமேயைப் பார்த்தான். அந்த மூக்கைப் பார்த்தான். மூளையில் ஒரு யோசனை உதித்தது. உதித்திருக்கவே வேண்டாம்.

"யூமேய் அக்கா, பத்தே நிமிஷம். எங்க வாத்தியார் முன்னாடி வந்து நின்னு, தா, ஹரஷோ. அவ்வளவுதான்."

"நல்லாருக்கே கதை. மாட்டிக்கிட்டா?"

"ரெண்டு கிலோ கொழுக்கட்டை கட்டித் தரேன்" என்றாள் அம்மா. மகனின் பட்டம் என்றால் அவளுக்கு நியாயம் அநியாயம் எல்லாம் பிறகுதான். "ஓட்டல் மொதலாளிகிட்ட நானே வந்து பேசுறேன். நம்ம சுன்கே பொண்ணை விட்டுடுவேனா?"

"முப்பத்தெட்டுன்னு ஒத்துக்க. அப்ப வாரேன்."

"முப்பத்தஞ்சுதான் சொல்லலாம்" என்றாள் அம்மா.

அடுத்து மெங் கட்டப் பை அக்காளிடம் வந்தான். "நீங்களும் கூட வரணும்க்கா. பேராசிரியரோட உதவியாளர்னு சொல்லிடறேன். வாத்தியார் ருஷ்ய பாஷையில எதையாவது கேட்டா, நீங்க முந்திக்கிட்டு பதில் சொல்லிடுங்க."

அக்காள் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். கோபமா சிரிப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "நல்லா யோசிச்சுட்டியா?"

"யோசிக்க நேரமில்லக்கா."

"சரி. கேட்டா பதில் சொல்றேன்" என்றாள்.

நாலு மணிக்குக் கல்லூரியின் இரண்டாம் மாடியில், தாவ் வாத்தியார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். யூமேய் ஒன்பது பூவோடு முன்னால் போனாள். வாத்தியாரின் முகம் மலர்ந்துவிட்டது. கையைப் பிடித்துக் குலுக்கி, ருஷ்ய மொழியில் மூச்சு விடாமல் ஒரு பத்தி பேசினார். பயணத்தைப் பற்றி, துறையைப் பற்றி, இரண்டு கரைகளின் நட்பைப் பற்றி.

"ஹரஷோ" என்றாள் யூமேய்.

"ஆகா" என்றார் வாத்தியார் சீனத்தில், மெங் பக்கம் திரும்பி. "என்ன சுருக்கம், என்ன உச்சரிப்பு பாரு. இதைத்தான் நான் உங்களுக்கெல்லாம் தலையில அடிச்சுச் சொல்றேன்." அப்போதுதான் கதவருகே பைகளோடு நிற்கிறவளைப் பார்த்தார். "இவங்க?"

"உதவியாளர் சார்" என்றான் மெங். சட்டைக்குள் வியர்வை ஓடியது.

"உட்காருங்க, உட்காருங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, வாத்தியார் மார்க் பட்டியலை விரித்தார். பேனாவைத் திறந்தார். மறுபடி ருஷ்ய மொழிக்குப் போனார். "எங்கள் மாணவன் நாள் முழுக்க உங்களோடு பேசினானா?"

"தா."

"அவனுக்கு என்ன மதிப்பெண் போடலாம்?"

மெங் கண்ணை மூடிக்கொண்டான். யூமேய்க்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை, அதில் ஒன்றை இப்போதுதான் செலவழித்திருந்தாள்.

"ஹரஷோ" என்றாள்.

மெங் கண்ணைத் திறந்தான். ருஷ்யர்கள் மார்க் போடும் முறையில் "ஹரஷோ" என்பதே ஒரு மதிப்பெண். முதல் வகுப்புக்கு அடுத்த படி. வெறும் பாஸ் இல்லை, நல்ல பாஸ். நாலு வருஷத்தில் அவன் பெயருக்கு எதிரே யாரும் எழுதாத வார்த்தை.

"அப்படிப் போடு" என்றார் வாத்தியார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. "ரெண்டு தடவை ஃபெயிலான பையன் இவன். எனக்கு அப்பவே தெரியும், இவனுக்குள்ள சரக்கு இருக்குன்னு."

மெங்குக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கூடவே நெஞ்சில் முள்ளாக ஒன்று உறுத்தியது. இந்த மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வாத்தியார் பேனாவைக் காகிதத்துக்குக் கொண்டுபோனார்.

கதவருகே நின்றவள் இரண்டு பைகளையும் தரையில் வைத்துவிட்டு மேசைக்கு வந்தாள். வாத்தியாரின் பேனாவை மெதுவாகப் பிடித்து நிறுத்தினாள். பிறகு வானொலியில் செய்தி வாசிக்கிறவர்களுக்கே வாய்க்கிற அப்பழுக்கில்லாத ருஷ்ய மொழியில் பேசினாள். யாரும் எடுத்துக் கொடுக்காமலேயே மெங்குக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"எழுதிடாதீங்க சார், மார்க் போட வேண்டிய வேரா நிக்கலாயெவ்னா நான்தான், தம்பியை உட்காரச் சொல்லுங்க, பரீட்சையை ஆரம்பிச்சுடலாம், இந்தத் தடவை காதுல ஓத ஆள் கிடையாது."